கேளுங்கள், சொல்கிறேன்: பக்கத்து வீட்டுச் சீனர்கள்

கலிஃபோர்னியாவில் நாங்கள் இருந்த எட்டு வருஷமும் பக்கத்து வீட்டில் ஒரு சீனக் குடும்பம் இருந்தது, செங்டு நகரத்திலிருந்து வந்தவர்கள். போன இதழில் அவர்களைப் பற்றி நாலு வரி எழுதப்போய், கேள்விகள் குவிந்துவிட்டன. இந்த முறை அவற்றுக்கு மட்டும் பதில்.

கேள்வி: அமெரிக்காவில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, அங்கே வந்த சீனப் பெண்ணுக்கு ஐஸ் போட்டு ஜூஸ் கொடுத்தேன். வாங்கி மேசையில் வைத்தவர் கடைசிவரை தொடவே இல்லை. நான் என்ன தப்பு செய்தேன்?

நீங்கள் ஒன்றும் செய்யவில்லை, ஐஸ்தான் செய்தது. சீனாவில் கோடையிலும் வெந்நீர் குடிப்பவர்கள் ஏராளம். குளிர்ச்சி வயிற்றுக்கு ஆகாது என்பது அவர்களுடைய பழைய வைத்தியம், அதற்கு மேல் 1950களில் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்று அரசாங்கமே நாடு முழுக்கப் பிரசாரம் செய்தது. ரயிலில்கூட வெந்நீர்க் குழாய் இருக்கும். அப்படிப்பட்டவர் அமெரிக்க ஓட்டலில் போய் உட்கார்ந்தால், கேட்காமலே டம்ளர் நிறைய ஐஸ் வருகிறது. எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்மணி வந்த புதிதில் வெந்நீர் கேட்டிருக்கிறார். "டீயா?" "இல்லை, தண்ணீர்." "டீ போட?" "இல்லை, குடிக்க." கடைசியில் ஒரு கோப்பை வெந்நீரும், ஓரத்தில் எலுமிச்சைத் துண்டும், எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு டீப் பையும் வந்ததாம். அந்த டீப் பைகளை வீணாக்க மனசில்லாமல் கைப்பையில் போட்டுப் போட்டு, ஆறே மாதத்தில் ஒரு டப்பா நிரம்பிவிட்டது.

மருமகளுக்குப் பிரசவம் ஆனவுடன் நர்ஸ் ஐஸ் தண்ணீர் கொண்டுவந்து நீட்டிய கதையை அவருடைய மாமியார் இன்னும் கோபத்தோடுதான் சொல்வார். பிள்ளை பெற்றவள் ஒரு மாதம் குளிர்ச்சி எதையும் தொடக்கூடாது என்பது அவர்கள் பத்தியம். நமக்கு விளக்க வேண்டியதே இல்லை.

கேள்வி: கை நிறையச் சம்பளம் வாங்கும் இன்ஜினீயர்களுக்கு அங்கே என்ன பெரிய கஷ்டம்?

நானும் அப்படித்தான் நினைத்தேன். இந்தப் பெண்மணி ஊரில் பதினைந்து வருஷம் வேலை பார்த்தவர், ஒரு காசு கடன் கிடையாது. வங்கியில் கிரெடிட் கார்டு கேட்டால் "உங்களுக்குக் கிரெடிட் வரலாறே இல்லையே" என்று உதட்டைப் பிதுக்கினார்களாம். கடனே வாங்காதவரை நம்ப முடியாது என்பது அங்கத்திய நியாயம்! 500 டாலர் முன்பணமாகக் கட்டி, அதே 500 டாலர் அளவுக்கு ஒரு கார்டு வாங்கி, தன் பணத்தைத் தானே கடன் வாங்கித் திருப்பிக் கட்டித்தான் நல்ல பெயர் எடுத்தார். நாற்பது வயதில் ஒன்றாம் வகுப்பில் சேர்த்த மாதிரி இருந்தது என்றார்.

அப்புறம் செக். காய்கறி முதல் வாடகை வரை வீசாட், அலிபே செயலிகளில் பணம் கட்ட ஃபோனை நீட்டியே பழகியவருக்கு, வீட்டுச் சொந்தக்காரர் செக்தான் வேண்டும் என்றுவிட்டார். முதல் செக்கை எங்கள் சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதினார். தேதியில் சீனர்கள் வருஷத்தை முதலில் எழுதுவார்கள், பிறகு மாதம், கடைசியில் நாள். அமெரிக்காவில் மாதம், நாள், வருஷம். இதிலேயே இரண்டு செக் கிழிந்தது. ஆனால் தொகையை எழுத்திலும் எழுத வேண்டும் என்றபோது, ஏன் என்று அவர் கேட்கவே இல்லை. கிழிந்த செக்கின் பின்பக்கம் ஒரு படுக்கைக் கோடு போட்டார். சீனத்தில் அதுதான் ஒன்று. கீழே இன்னொரு கோடு இழுத்தார், இரண்டு ஆகிவிட்டது. மூன்றாவது கோடு, மூன்று! இப்படி யார் வேண்டுமானாலும் திருத்திவிடலாம் என்பதால், வங்கிக் காகிதங்களுக்கென்றே சுலபத்தில் மாற்ற முடியாத சிக்கலான எழுத்துகள் தனியாக வைத்திருக்கிறார்கள். அவற்றையும் எழுதிக் காட்டினார். அன்றைக்கு அந்த மேசையில் பாடம் நடத்தியது அவர்தான்.

பெரிய தொகை என்றால் இன்னொரு தலைவலி. அவர்கள் கணக்குப் பத்தாயிரத்தில் நகரும், ஒன்றரை லட்சம் அவர்களுக்குப் 'பதினைந்து பத்தாயிரம்'. லட்சத்தை மில்லியனாக்க விரல் விடும் நாம் சிரிக்க முடியாது. மற்றபடி விலைச்சீட்டில் ஒரு தொகை, கல்லாவில் வரியோடு வேறொரு தொகை, ஓட்டலில் 15 முதல் 20 சதவீதம் டிப்ஸ் என்பதெல்லாம் ஒரு மாதத்தில் பழகிவிட்டது, பர்ஸுக்குத்தான் பழகவில்லை.

கேள்வி: சீனர்கள் ஏன் கெவின், எமிலி என்று பெயரை மாற்றிக்கொள்கிறார்கள்? அடிமைப் புத்தியா?

அடேயப்பா, எவ்வளவு கோபம்! சீன ஒலிகளை ரோமன் எழுத்தில் எழுதும் பின்யின் முறை 1958ல் வந்தது. அதில் எக்ஸும் க்யூவும் ஆங்கிலத்தில் ஒலிப்பது போல ஒலிக்காது. க்யூ கிட்டத்தட்ட 'ச்சி'. இது அமெரிக்க நர்ஸுக்கு எப்படித் தெரியும்? பட்டியலைப் பார்த்துப் பெயர் கூப்பிடும் நர்ஸ் திடீரென்று நிறுத்தி மூச்சு வாங்கினால், அது தன் பெயர்தான் என்று எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்மணி எழுந்து நின்றுவிடுவார். குடும்பப் பெயர் முதலில் வருவதால் படிவத்துக்குப் படிவம் ஒரு குழப்பம் வேறு. இத்தனைக்கும் பதிலாக 'எமிலி' என்று இரண்டு நொடியில் முடித்துக்கொள்வது அடிமைப் புத்தி இல்லை, அலுப்பு.

இன்னொரு வேடிக்கை. பேச்சுச் சீனத்தில் அவன், அவள், அது மூன்றுக்கும் ஒரே சொல், 'தா'. எழுத்தில்தான் வேறுபாடு. அதனால் ஆங்கிலம் பேசும்போது வாய் தடுமாறும். "என் கணவர் வர லேட் ஆகும், அவள் ஆபீஸில் இருக்கிறாள்" என்று அவர் சொல்வதற்கு எங்கள் தெருவே பழகியிருந்தது.

கேள்வி: ஊருக்கு ஊர் சைனாடவுன் இருக்கிறதே, அங்கே குடியேறிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது அல்லவா?

தீராது. அந்தப் பழைய சைனாடவுன்களை உண்டாக்கியவர்களில் பெரும்பாலோர் தெற்கே குவாங்டோங் மாகாணத்துக்காரர்கள், அதிலும் தாய்ஷான் பக்கத்தவர்கள். 1882ல் சீனத் தொழிலாளர்கள் வரவே கூடாது என்று அமெரிக்கா சட்டம் போட்டது. 1943ல் அதை எடுத்தபோதும் வருஷத்துக்கு 105 பேருக்குத்தான் இடம் என்றார்கள். 1965 குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகுதான் கதவு சரியாகத் திறந்தது. செங்டுக்காரருக்கு அந்தப் பழைய தெருக்களின் பேச்சு புரியாது. பலகைகளிலும் பழைய முறை எழுத்து, இவர் படித்ததோ 1956க்குப் பிறகு சுருக்கிய எழுத்து. சான் ஃபிரான்சிஸ்கோ சைனாடவுனில் ஒரு முதிய கடைக்காரரிடம் இவர் சீனாவின் பொதுமொழியான மாண்டரினில் கேட்க, அவர் தாய்ஷான் பேச்சில் சொல்ல, கடைசியில் இரண்டு சீனர்களும் ஆங்கிலத்தில் பேரம் பேசி அரை கிலோ உலர்ந்த காளான் வாங்கியதை நான் கூடவே நின்று பார்த்தேன். பிறகு அங்கேயே ஓர் ஓட்டலில் சாப்பிட்டு முடித்ததும், உள்ளே அதிர்ஷ்டச் சீட்டு வைத்த ஃபார்ச்சூன் குக்கி என்ற பிஸ்கட் வந்தது. "இது என்ன?" என்று அவர் என்னிடம் கேட்டார்! சீனாவில் அப்படி ஒன்றை அவர் பார்த்ததே இல்லையாம்.

கேள்வி: குடியுரிமை வாங்கிவிட்டார்களா?

நாங்கள் கிளம்பும்வரை இல்லை. சீனாவின் 1980ஆம் வருஷச் சட்டப்படி இரட்டைக் குடியுரிமை கிடையாது. அமெரிக்கர் ஆகிவிட்டால் பெற்ற தாயைப் பார்க்கப் போவதற்கும் விசா. நிரப்பிய படிவம் மேசை இழுப்பறையில் இருந்தது.

கேள்வி: எதிர்வீட்டுச் சீனக் குடும்பம் புதுமனை புகுவிழாவுக்கு அழைத்திருக்கிறது. என்ன பரிசு கொடுக்கலாம்?

பழம் கொடுங்கள், ஆரஞ்சு நல்லது. நாலு வேண்டாம், 'நாலு' என்ற சொல் அவர்களுக்குச் 'சாவு' போலக் கேட்கும். கடிகாரம் கூடவே கூடாது. 'கடிகாரம் கொடுப்பது' என்று சீனத்தில் சொன்னால், ஒருவருக்கு இறுதிக் காரியம் செய்வது என்பதும் அதே ஒலிதான். இது தெரியாமல் நான் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்மணிக்கு அழகான சுவர்க் கடிகாரம் ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த அம்மா ஒரு விநாடி தயங்கினார், சிரித்துக்கொண்டே உள்ளே போனார், கால் டாலர் நாணயம் ஒன்றை எடுத்து வந்து என் கையில் வைத்து மூடினார். வேண்டாம் வேண்டாம் என்று நான் திருப்பித் தள்ள, அவர் விடவே இல்லை. காசு கொடுத்துவிட்டால் அது பரிசு இல்லை, விலைக்கு வாங்கியதாகிவிடும் என்று அவர் மகன்தான் பிறகு வாசலில் வைத்துச் சொன்னான்.