சாரல் வந்தால் தாவும் டிகிரி: மூன்றாவது சென்சார் வாங்கும் முன்

கேள்வி: செங்கோட்டை அருகே கல்லூரி ஆய்வகம் எங்களுடையது. தாவர மாதிரிகள் வைக்கும் மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரில் டிஸ்ப்ளே திடீரென்று மைனஸ் 62-க்குத் தாவுகிறது. அலாரம் அடிக்கிறது, ஓரிரு விநாடியில் பழையபடி ஆகிவிடுகிறது. சென்சார் பிடி-100 வகை, மூன்று கம்பி. இரண்டு முறை மாற்றிவிட்டோம். மாற்றினால் மூன்று வாரம் ஒழுங்காக ஓடும், பிறகு மறுபடி ஆரம்பிக்கும். சாரல் காலத்தில் தொல்லை அதிகம். என்ன செய்யலாம்?

பதில்: சென்சாரை மாற்றும்போது கூடவே இன்னொரு வேலையும் நடக்கிறது. கனெக்டரைப் பிடுங்கித் திரும்பச் செருகுகிறீர்கள். அந்த மூன்று வார நிம்மதியைத் தந்தது புதுச் சென்சார் அல்ல, அந்தச் செருகல்தான் என்பது எங்கள் கணிப்பு.

காரணம் இதுதான். மாதிரிகள் நிறைந்த ஃப்ரீசர் ஓரிரு விநாடியில் 18 டிகிரி ஏறி இறங்க வழியே இல்லை. உள்ளே குளிர் அப்படியே இருக்கிறது, தாவுவது மின்தடை. பிடி-100 என்பது குளிரக் குளிர மின்தடை குறையும் சென்சார், அந்தத் தடையைத்தான் கன்ட்ரோலர் டிகிரியாக மாற்றிக் காட்டுகிறது. பிடி-100 சென்சார் 0 டிகிரியில் 100 ஓம் காட்டும், மைனஸ் 80-இல் 68.3 ஓம், மைனஸ் 62-இல் சுமார் 75.5 ஓம். அதாவது வழியில் எங்கோ 7 ஓம் கூடிக் குறைகிறது. கம்பி முழுதாக அறுந்தால் பெரும்பாலான கன்ட்ரோலர்கள் நேரடியாகப் பிழைக்குறி காட்டிவிடும். 7 ஓம் என்பது அரைகுறைத் தொடர்பு.

வெள்ளீயப் பூச்சுள்ள கனெக்டர் பின்கள் கம்ப்ரசர் அதிர்வில் நூலளவுகூட இல்லாமல் உரசிக்கொண்டே இருக்கும். உரசிய இடத்தில் ஆக்சைடு படலம் சேரும். பிடி-100 வழியே பொதுவாக 1 மில்லி ஆம்பியர் அளவுதான் ஓடுகிறது, அந்தச் சிறு மின்னோட்டத்துக்குப் படலத்தை உடைக்கும் திராணி கிடையாது. பிடுங்கிச் செருகினால் படலம் வழிக்கப்பட்டுத் தொடர்பு பளிச்சென்று வரும், சில வாரத்தில் மறுபடி சேரும். ஆரியங்காவு கணவாய் வழியே ஈரக்காற்று இறங்கும் ஜூன், ஜூலையில் இது இன்னும் வேகமாக நடக்கும்.

தாவும் திசையையும் குறித்து வையுங்கள். இணைப்பில் தடை ஏறினால் டிஸ்ப்ளே சூடாகக் காட்டும். மூன்று கம்பியில் ஒன்று, கம்பிகளின் சொந்தத் தடையைக் கழிப்பதற்கான ஈடுசெய்யும் கம்பி. அதில் ஏறினால் மட்டும் எதிர்ப்பக்கம் போகும். சென்சார் உறைக்குள் ஈரம் புகுந்து கசிவு உண்டானால் குளிராகக் காட்டும். 10 கிலோ ஓம் கசிவு இருந்தாலே ஒரு டிகிரிக்கு மேல் பிசகும். குளிராகக் காட்டும் கோளாறுதான் ஆபத்தானது, கம்ப்ரசர் போதும் என்று நின்றுவிடும்.

சோதனைக்கு முன் மாதிரிகளை வேறு ஃப்ரீசருக்கோ உலர்பனிக்கட்டிப் பெட்டிக்கோ மாற்றியே ஆக வேண்டும். இதில் சமரசம் வேண்டாம். பிறகு 75 ஓம், 1 சதவீத மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர் ஒன்று வாங்குங்கள், எலக்ட்ரானிக்ஸ் கடையில் சில ரூபாய்தான். மெயின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கன்ட்ரோலர் டெர்மினலில் சென்சார் கம்பிகளைக் கழற்றி, வெள்ளைக் கம்பி இருந்த இடத்துக்கும் ஒரு சிவப்பு இருந்த இடத்துக்கும் நடுவே ரெசிஸ்டரை மாட்டுங்கள். இரண்டு சிவப்பு இடங்களையும் ஒரு துண்டுக் கம்பியால் இணையுங்கள். டிஸ்ப்ளே மைனஸ் 63 பக்கம் நிற்கும், ஒன்றிரண்டு டிகிரி தள்ளியிருந்தால் கவலையில்லை, ஆடாமல் நிற்கிறதா என்பதே கேள்வி. 68 ஓம் போட்டால் கன்ட்ரோலர் மைனஸ் 80 தாண்டிவிட்டது என்று நம்பிக் கம்ப்ரசரை ஓடவிடாது, அதிர்வு இல்லாமல் சோதனையே வீணாகும். அதனால்தான் 75. அலாரம் அடித்தால் அடிக்கட்டும்.

சில மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். ரெசிஸ்டரோடும் எண் தாவினால் கோளாறு கன்ட்ரோலரிலோ, பக்கத்து ஒயர்களிலிருந்து தொற்றும் மின் இரைச்சலிலோ இருக்கிறது. கம்ப்ரசரை ஓடவிட்டு நிறுத்தும் சுவிட்சான கான்டாக்டர் டக்கென்று விழும் அதே நொடியில் தாவுகிறதா, சென்சார் கேபிள் மெயின் ஒயரோடு ஒரே கட்டாகக் கட்டப்பட்டிருக்கிறதா, கேபிளைச் சுற்றியுள்ள உலோக உறையான ஷீல்டு இரு முனையிலும் எர்த் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஷீல்டு ஒரு முனையில் மட்டுமே எர்த் ஆக வேண்டும்.

எண் அசையாமல் நின்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கழற்றிய கம்பிகளை டெர்மினலில் பழையபடி மாட்டி, அதே ரெசிஸ்டரையும் துண்டுக் கம்பியையும் கேபிளின் மறுமுனைக்கு, சென்சார் இணையும் கனெக்டருக்குக் கொண்டுபோங்கள். திரும்ப ஓடவிட்டு, ஈரமில்லாத மரக்குச்சியால் கேபிளை ஒவ்வொரு சாணாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். தட்டும்போது எண் துள்ளும் இடம்தான் குற்றவாளி. அங்கேயும் துள்ளாவிட்டால் சென்சாரும் அதன் பக்கத்துப் பின்களும்தான் மிச்சம். கழற்றிய சென்சாரை அறை வெப்பத்தில் மல்டிமீட்டரால் பாருங்கள்: 28 டிகிரியில் சிவப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே கிட்டத்தட்ட 111 ஓம், இரண்டு சிவப்புக்கும் நடுவே ஒரு ஓமுக்குள். கம்பியை வளைக்கும்போது இரண்டும் அசையக் கூடாது. கம்பிக்கும் உறைக்கும் நடுவே 100 வோல்ட் மெக்கரில் (மின்காப்பைச் சோதிக்கும் மீட்டர்) 100 மெகா ஓமுக்குக் குறைந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. மெக்கர் வைக்கும்போது சென்சார் கன்ட்ரோலரோடு இணைந்திருந்தால் கன்ட்ரோலர் போய்விடும், கவனம்.

கனெக்டர்தான் என்று உறுதியானால் உப்புத்தாளால் தேய்க்காதீர்கள், பூச்சு போய் அடுத்த சாரலுக்குள் செம்பு பச்சை பிடிக்கும். பின்களோடு கனெக்டரையே மாற்றுங்கள், முடிந்தால் தங்கப்பூச்சு வகை, இரு பக்கமும் ஒரே பூச்சாக. அதைவிட நல்லது கனெக்டரே இல்லாமல் சாலிடர் செய்து, உள்ளே பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் டியூப் போட்டு மூடுவது. அந்த இணைப்பு குளிரும் வெப்பமும் சந்திக்கும் துளைக்குள் வரக் கூடாது, வெளியே கம்ப்ரசர் உடம்பில் படாமல் கிளிப் அடித்து நிறுத்துங்கள். துளையை அடைக்கும் சிலிகானில் வினிகர் வாடை வந்தால் அந்த ட்யூபை வைத்துவிட்டு நியூட்ரல் வகை கேளுங்கள். வாடைக்காரச் சிலிகான் கக்கும் அசிட்டிக் அமிலம் செம்பை அரிக்கும்.

அலாரத் தாமதத்தை 10 நிமிடமாக ஏற்றிவிடுங்கள் என்று யாராவது சொன்னால் செய்யாதீர்கள். தாவல் கண்ணில் படாது, அவ்வளவுதான். உண்மையிலேயே கம்ப்ரசர் நிற்கும் நாளில் அதே 10 நிமிடம் உங்கள் மாதிரிகளிலிருந்து கழியும்.