கடலே இல்லாத ஊர்ல கப்பல்காரங்க கூட்டம்

கேள்வி: அமெரிக்காவுல ஒரே கப்பல்ல வேலை பார்த்த நேவி தாத்தாங்க ரீயூனியனை அரிசோனா பாலைவனத்துல போய் வைக்கிறாங்களாமே, அங்க என்னங்க பண்ணுவாங்க?

பதில்: பார்க்காத கடலா, போதும்னு நெனச்சிருப்பாங்க! அரிசோனாவுல இருக்கிற டூசான் ஊர்ல கூட்டமா பஸ் ஏறி சுத்த நெறைய இருக்கு, வீட்டை விட உசரமா நிக்கிற சகுவாரோ கள்ளி, பீமா மியூசியத்துல வரிசையா பழைய விமானங்க, அதுல நேவி பிளேனும் உண்டு. ஆனா நான் போனா முதல்ல பார்க்கிறது அந்த ஊர் யுனிவர்சிட்டில தொங்குற மணியைத்தான், 1941 டிசம்பர் 7 ஜப்பான் குண்டு போட்டப்போ பேர்ல் ஹார்பர் துறைமுகத்துல மூழ்கின யுஎஸ்எஸ் அரிசோனா போர்க்கப்பலோட ரெண்டு மணில ஒண்ணு அது, அந்த ஒரு கப்பல்ல மட்டும் 1,177 பேர் செத்துப் போயிட்டாங்க. கோடைல வெயில் 40 டிகிரிய தாண்டிடும், தாத்தாங்க நவம்பர் பக்கமா போறதுதான் நல்லது.