எக்ஸ்-ரேயில் ஒன்றுமில்லை, பிறகு எம்.ஆர்.ஐ. எதற்கு?

கேள்வி: எனக்கு வயது 38. சிறுநீரக நோய்க்காகக் கடந்த ஆண்டு பல மாதங்கள் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டேன். சில வாரங்களாக வலது தொடை இடுக்கில் வலி. சம்மணமிட்டு உட்கார முடியவில்லை. எக்ஸ்-ரே சரியாக இருந்தும் மருத்துவர் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்கிறார். அவசியமா?

பதில்: அவசியம்தான், தள்ளிப்போடாதீர்கள். தொடை இடுக்கில் வரும் வலி பெரும்பாலும் இடுப்பு மூட்டிலிருந்தே வருவது. (புட்டத்தில் வலிப்பவர்களுக்குப் பல நேரம் முதுகெலும்பே காரணமாக இருக்கும்.) ஸ்டீராய்டு மாத்திரையை அதிக அளவில் சாப்பிட்டவர்களில் சிலருக்குத் தொடை எலும்பின் தலைப்பகுதிக்குச் செல்லும் இரத்த ஓட்டம் குறைந்து, அங்குள்ள எலும்புத் திசு இறந்துபோகிறது. நீங்கள் சொல்லும் அறிகுறிகள் எனக்கும் அந்த ஐயத்தையே எழுப்புகின்றன.

எலும்புச் செல்கள் இறந்த பிறகும் அவற்றைச் சுற்றியுள்ள கால்சியக் கட்டமைப்பு பல மாதங்கள் குலையாமல் நிற்கக்கூடும் என்பதாலும், எக்ஸ்-ரே முக்கியமாக அந்தக் கட்டமைப்பையே காட்டுகிறது என்பதாலும், தொடக்க நிலையில் படம் இயல்பாகவே வரும். எம்.ஆர்.ஐ. மஜ்ஜையிலுள்ள கொழுப்பிலும் நீரிலும் ஏற்படும் மாற்றங்களைப் பதிவு செய்வதால், எலும்பின் தலை உருண்டை வடிவம் கெடாமல் இருக்கும்போதே பாதிப்பையும் அதன் பரப்பையும் காட்டிவிடுகிறது. அந்தக் கட்டத்தில் தெரிந்தால், எலும்பில் துளையிட்டு உள்ளழுத்தத்தைக் குறைக்கும் சிகிச்சையை யோசிக்க இடமிருக்கிறது. தலை நசுங்கிவிட்டால் பலருக்கு மூட்டு மாற்று அறுவை சிகிச்சையே வழியாகிறது. வலிக்காத பக்கத்திலும் இந்நோய் தொடங்கியிருப்பதை அடிக்கடி காண்கிறோம் என்பதால், இரண்டு இடுப்பு மூட்டுகளையும் சேர்த்தே எடுக்கச் சொல்லுங்கள்.

இடுப்பு வலிக்கிற எல்லோருக்கும் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். எக்ஸ்-ரேயிலேயே மூட்டுத் தேய்மானம் தெளிவாகத் தெரியும் முதியவருக்குப் பொதுவாக எம்.ஆர்.ஐ. தேவைப்படாது. மூட்டுக்குழியின் விளிம்புக் குருத்தெலும்பில் கிழிசல் என்று அறிக்கை வருவதைக் கண்டு பலர் அஞ்சுகிறார்கள். வலியே இல்லாதவர்களிடமும் அது காணப்படுவதுண்டு.

எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்-ரே கதிர்கள் கிடையாது. உடலில் பேஸ்மேக்கர் போன்ற கருவியோ உலோகமோ பொருத்தியிருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உங்கள் சிறுநீரக நோயையும் மறைக்காமல் கூறுங்கள். சில எம்.ஆர்.ஐ. படங்களுக்கு முன் போடும் சாய ஊசியைப் பற்றி முடிவெடுக்க அது தெரிய வேண்டும்; ஆனால் இந்தப் பாதிப்பைக் கண்டறியப் பொதுவாக அந்த ஊசி தேவையில்லை. முடிவு வரும்வரை ஓட்டம், பாரம் தூக்குதல் இரண்டையும் நிறுத்துங்கள். ஸ்டீராய்டு இப்போதும் தொடர்ந்தால், சிறுநீரக மருத்துவரைக் கேட்காமல் நீங்களாக நிறுத்தவோ குறைக்கவோ கூடாது.