பிராட்லா கடவுள் பெயரில் சத்தியம் செய்தது சரியா?

அன்புள்ள ஐயா,

காந்தியின் சத்திய சோதனையில், லண்டனில் படித்த நாட்களில் பிராட்லா என்ற நாத்திகரின் இறுதிச் சடங்குக்குப் போனதாக ஒரு பகுதி வருகிறது. யார் இவர் என்று தேடினேன். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு 1880ல் தேர்வானவர், ஆறு ஆண்டுகள் உள்ளே விடாமல் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள் என்று தெரிந்தது. ஆனால் ஒன்று உறுத்துகிறது. கடவுள் இல்லை என்று ஊர் ஊராகப் பேசியவர் கடைசியில் பைபிளைத் தொட்டுக் கடவுள் பெயரில் சத்தியம் செய்துதானே உள்ளே போனார்? பதவிக்காகக் கொள்கையை விட்டதாக ஆகாதா? உள்ளே இருந்ததும் ஐந்தே ஆண்டு. நீங்கள் ஒரு கட்டுரையில் அவரைப் 'பெரிய நாடாளுமன்றவாதி' என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அது மிகையாகப் படுகிறது.

அன்புடன்,
க., திருநெல்வேலி

அன்புள்ள க.,

மிகை என்று நான் நினைக்கவில்லை. உங்கள் உறுத்தலிலிருந்தே தொடங்குகிறேன். இதே கேள்வியை அவருடைய எதிரிகள் 1880 மே மாதமே கேட்டுவிட்டார்கள். அவரை வெளியே நிறுத்த அவர்கள் எடுத்த முக்கியமான ஆயுதமே அதுதான்.

சார்லஸ் பிராட்லா முதலில் சத்தியம் செய்ய வரவில்லை. மே 3ஆம் தேதி சபாநாயகர் பிராண்டுக்கு எழுதிக் கொடுத்த தாளில், கடவுள் பெயரில் சத்தியம் செய்வதற்குப் பதிலாக உறுதிமொழி கூற அனுமதி கேட்டார். அது புதுமையான கோரிக்கை அல்ல. சத்தியம் செய்வதே தவறு என்று நம்பும் குவேக்கர் கிறிஸ்தவர்களுக்கு 1833லிருந்தே நாடாளுமன்றத்தின் கீழவையான காமன்ஸ் சபையில் அந்த வழி இருந்தது. நம்பிக்கை இல்லாதவர்களும் உறுதிமொழி கூறி நீதிமன்றத்தில் சாட்சி சொல்லலாம் என்று 1869, 1870 ஆண்டுகளில் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் வந்ததில் பிராட்லாவுக்கே பங்கு உண்டு. தனக்கு வரவேண்டிய பணத்துக்கு அவர் வழக்குப் போட்டபோது, நாத்திகனின் சாட்சியம் செல்லாது என்று தள்ளினார்கள். அவர் விடாமல் மேலே மேலே வழக்காடினார். இந்தச் சட்டங்களைச் சேர்த்துப் படித்தால் தனக்கும் அந்த உரிமை உண்டு என்பது அவர் வாதம். குழு போட்டார்கள். இரு பக்கமும் வாக்குகள் சமமாக விழ, தலைவரின் ஒற்றை வாக்கில் 'உரிமை இல்லை' என்று முடிவானது.

சரி, இப்போது அவர் என்ன செய்திருக்க வேண்டும்? கொள்கைதான் பெரிது என்று ராஜினாமா செய்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். கைதட்டல் கிடைத்திருக்கும். ஆனால் நார்த்தாம்ப்டன் வாக்காளர்கள் அவரைத் தேர்ந்தெடுத்தது கைதட்டல் வாங்குவதற்கு அல்ல. அது பூட்ஸும் ஷூவும் தைக்கிறவர்களின் ஊர். 1868ல் நின்றார், தோற்றார். 1874ல் இரண்டு முறை நின்று இரண்டு முறையும் தோற்றார். நான்காவது முறை ஜெயிக்க வைத்தார்கள். அவர் நாத்திகர் என்பது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். கர்ப்பத்தடை பற்றிய ஒரு புத்தகத்தை வெளியிட்டதற்காக அன்னி பெசன்ட்டோடு 1877ல் குற்றவாளிக் கூண்டில் நின்றவர் என்பதும் தெரியும். தெரிந்துதான் வாக்களித்தார்கள்.

எனவே அவர் சொன்னார்: சட்டம் சத்தியத்தைத்தான் கேட்கிறது என்றால் சத்தியம் செய்கிறேன். அதில் வரும் சில சொற்கள் எனக்குப் பொருளற்றவை. ஆனாலும் அந்த உறுதியின் உட்பொருளுக்கு முழுமையாகக் கட்டுப்படுவேன். இதைப் பத்திரிகைக் கடிதமாகவே எழுதினார். சத்தியத்தைச் சத்தமில்லாமல் செய்திருந்தால் ஒருவேளை பிரச்சினையே வந்திருக்காது. மனதுக்குள் எந்த நம்பிக்கையும் இல்லாமல் அதே பைபிளைத் தொட்டு உள்ளே போன உறுப்பினர்கள் அவருக்கு முன்பும் இருந்தார்கள். தன் மனதில் உள்ளதை முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்ய வந்தவரைத்தான் தடுத்தார்கள். பொய் சொல்லத் தயாராக இருந்திருந்தால் மே மாதமே அவர் இருக்கையில் உட்கார்ந்திருக்கலாம். அதனால்தான் கொள்கையை விட்டார் என்ற பேச்சை என்னால் ஏற்க முடியவில்லை.

தடுத்தவர்கள் எல்லோரும் பக்தர்கள் என்றும் நினைக்க வேண்டாம். எதிர்க்கட்சியைச் சேர்ந்த டிரம்மண்ட் வுல்ஃப் ஆட்சேபத்தைக் கிளப்பினார். ராண்டால்ஃப் சர்ச்சில், அதாவது வின்ஸ்டன் சர்ச்சிலின் அப்பா, அதைப் பிடித்துக்கொண்டார். புதிதாக ஆட்சிக்கு வந்த பிரதமர் கிளாட்ஸ்டனைச் சங்கடத்தில் மாட்ட இதைவிட நல்ல வாய்ப்பு அவர்களுக்கு ஏது? ஜூன் 22ஆம் தேதி, பிராட்லா சத்தியமும் செய்யக்கூடாது, உறுதிமொழியும் எடுக்கக்கூடாது என்று 275க்கு 230 என்ற கணக்கில் சபை தீர்மானித்தது. பதவியேற்காமல் உட்கார்ந்து வாக்களித்தால் ஒவ்வொரு வாக்குக்கும் 500 பவுண்டு அபராதம். ஆனால் பதவியேற்கவும் விடமாட்டோம். சட்டம் செய்யச் சொல்வதைச் செய்ய வருகிறவனைச் சட்டம் இயற்றும் சபையே தடுக்கிறது. பிராட்லாவின் போராட்டத்துக்கு இதுதான் மையம். கடவுள் உண்டா இல்லையா என்பதைப் பற்றி அவர் அந்தச் சபையில் வாதாடவே இல்லை. ஒரு தொகுதியின் தேர்வைச் சட்டத்தில் இல்லாத ஒரு காரணத்தைச் சொல்லி ஒதுக்க உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்றுதான் கேட்டார்.

மறுநாள் வெளியேற மறுத்ததால் மணிக்கூண்டு அறையில் அடைத்தார்கள். இன்று பிக் பென் என்று நாம் சொல்லும் அதே கோபுரம். அடுத்த நாளே விட்டுவிட்டார்கள். நீங்கள் எழுதியதில் ஒரு சின்னத் திருத்தம்: ஆறு ஆண்டும் அவர் வாசலில் நிற்கவில்லை. கிளாட்ஸ்டன் கொண்டுவந்த ஒரு தீர்மானத்தால், வழக்கு வந்தால் அவரவர் பொறுப்பு என்ற நிபந்தனையோடு, உறுதிமொழி கூறி 1880 ஜூலை முதல் 1881 மார்ச் வரை உள்ளே இருந்து சுறுசுறுப்பாக வேலை செய்தார். பிறகு நீதிமன்றம் அது செல்லாது என்றது. இருக்கை போயிற்று. இடைத்தேர்தலில் திரும்ப ஜெயித்தார்.

1881 ஆகஸ்ட் 3ஆம் தேதி நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அன்று அவருடைய ஆதரவாளர்கள் நாட்டின் பல ஊர்களிலிருந்து மனுக்களோடு வெஸ்ட்மின்ஸ்டருக்கு வந்து குவிந்திருந்தார்கள். பிராட்லா சபையின் கதவுவரை போனார். ஆறடிக்கு மேல் உயரம், அதற்கேற்ற உடம்பு, இளமையில் குதிரைப்படையில் இருந்தவர். சபைக் காவலர்களும் போலீஸ்காரர்களும் சேர்ந்து அவரைப் பிடித்துப் படிகளில் கீழே தள்ளிக்கொண்டு போனார்கள். கோட்டு கிழிந்தது. முற்றத்தில் வெளுத்த முகத்தோடு நின்றார். டென்னிங் என்ற இன்ஸ்பெக்டரிடம், இதை மீறும் அளவுக்குப் பலத்தோடு திரும்ப வருவேன் என்றார். எப்போது என்று கேட்டார் டென்னிங். நான் கையைத் தூக்கினால் ஒரு நிமிடத்தில் என்று பதில் வந்தது. கூப்பிடும் தூரத்தில் அத்தனை கூட்டம் இருந்தது. அன்னி பெசன்ட் அவர்களை அமைதிப்படுத்திக்கொண்டிருந்தார். பிராட்லா கையைத் தூக்கவில்லை. காயம்பட்ட உடம்போடு, சட்டத்தின் வழியிலேயே போராட்டத்தைத் தொடர்ந்தார். நாடாளுமன்றத்தை இவ்வளவு மதித்த ஒருவர் அந்தச் சபைக்குள் அன்று எத்தனை பேர் இருந்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. 'நாடாளுமன்றவாதி' என்ற சொல்லை நான் எழுதியபோது என் மனதில் இருந்தது இந்தக் காட்சிதான்.

அப்புறம் நடந்தவற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 1882 பிப்ரவரியில் திடீரென்று மேசைக்கு நடந்து போய், சட்டைப்பையிலிருந்து புதிய ஏற்பாட்டை எடுத்துத் தனக்குத்தானே சத்தியம் செய்துகொண்டார். வெளியேற்றினார்கள். மறுபடியும் இடைத்தேர்தல், மறுபடியும் வெற்றி. 1884லும் அதே கதை. 1881லும் 1882லும் நூற்றுச் சொச்சம் வாக்குகளில் தப்பித்தவர் 1884ல் 368 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். லண்டனில் அவரைத் தள்ளத் தள்ள நார்த்தாம்ப்டனில் பிடிவாதம் ஏறியது. 1883ல் உறுதிமொழி மசோதா மூன்றே வாக்குகளில் தோற்றது: 289க்கு 292. அந்த விவாதத்தில் கிளாட்ஸ்டன் பேசியதைத் தேடிப் படியுங்கள். ஆழ்ந்த கிறிஸ்தவர் அவர். எந்தக் கடவுள் என்றாலும் போதும், ஏதோ ஒரு கடவுளை நம்பினால் உள்ளே வரலாம் என்று கோடு கிழிப்பதால் மதத்துக்கு ஒரு நன்மையும் இல்லை என்று வாதாடினார். நம்பிக்கையாளர் ஒருவர் நம்பாதவரின் உரிமைக்காகப் பேசிய பேச்சுகளில் எனக்கு அது மிகவும் பிடித்தமானது.

வழக்குகளிலும் அவர் தானே வாதாடினார். வக்கீல் அலுவலகக் குமாஸ்தாவின் மகன், பள்ளிப்படிப்பு பதினோரு வயதோடு சரி. ஞாயிறு பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுத்தபோது வேதத்தில் சில சந்தேகங்களைப் பாதிரியாரிடம் எழுதிக் கேட்டதற்கு நாத்திகன் என்று பட்டம் கட்டி விரட்டினார்கள். பதினாறு வயதில் வீட்டை விட்டு வெளியேறியவர். 500 பவுண்டு அபராத வழக்கை, அன்று உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபைவரை கொண்டுபோய் ஜெயித்தார். ஆனால் சபையின் காவல் அதிகாரி காசெட் மீது போட்ட வழக்கில் 1884ல் தோற்றார். சபைக்குள் நடப்பதில் நீதிமன்றம் தலையிடாது என்ற அந்தத் தீர்ப்பு, நம் நீதிமன்றங்களிலும் சட்டமன்ற உரிமைகள் பற்றிய வழக்குகளில் இன்றும் பேசப்படுகிறது.

1886 ஜனவரி 13ஆம் தேதி கதவு திறந்தது. புதிய நாடாளுமன்றம், புதிய தேர்தல். ஆட்சேபம் கிளம்பும் முன்பே சபாநாயகர் ஆர்தர் பீல் முடித்துவிட்டார்: பழைய சபையின் தீர்மானங்கள் இந்தச் சபையைக் கட்டுப்படுத்தாது, சட்டப்படி சத்தியம் செய்ய வரும் உறுப்பினருக்கும் சத்தியத்துக்கும் நடுவே நிற்க எனக்கும் உரிமையில்லை, வேறு யாருக்கும் உரிமையில்லை. ஆறு வருடமாகப் பிராட்லா சொன்னதும் இதைத்தான். அன்று அவர் சத்தியம் செய்து உள்ளே போனார். உங்கள் கேள்விப்படி பார்த்தால் இங்கே அவர் தோற்றார். உள்ளே போனதும் அவர் செய்த காரியத்தைப் பாருங்கள். 1888ல் சத்தியப்பிரமாணச் சட்டத்தை அவரே கொண்டுவந்து நிறைவேற்றினார். விரும்புகிறவர்கள் உறுதிமொழி கூறலாம் என்ற உரிமை நாடாளுமன்றத்திலும் நீதிமன்றத்திலும் எல்லோருக்கும் கிடைத்தது. அவர் அந்த மேசையில் சத்தியம் செய்ததால்தான் அடுத்தவர்கள் செய்ய வேண்டிய அவசியம் இல்லாமல் போனது.

அவர் செய்த எல்லாவற்றோடும் எனக்கு உடன்பாடில்லை. எட்டு மணி நேர வேலையைச் சட்டமாக்குவதை எதிர்த்தார். தொழிலாளர்களின் வாக்கில் வந்தவர், சோஷலிசத்தின் மீது அவருக்கு இருந்த அவநம்பிக்கையால் அவர்களின் நியாயமான கோரிக்கை ஒன்றைத் தள்ளிவிட்டார் என்பது என் கருத்து. அன்னி பெசன்ட்டோடு விரிசல் விழுந்ததற்கும் சோஷலிசம் ஒரு காரணம்.

இந்தியா விஷயத்துக்கு வருகிறேன். உறுப்பினர்களுக்குச் சம்பளம் இல்லாத காலம் அது. பிராட்லா சொற்பொழிவில் சம்பாதித்துக் கடனோடு வாழ்ந்தவர். இந்தியா பற்றிய விவாதம் என்றாலே காலியாகிவிடும் சபையில் உட்கார்ந்து கேள்விமேல் கேள்வி கேட்டார். 1889ல் கடுமையாக நோய்வாய்ப்பட்டு, தேறியதும் கப்பலேறி பம்பாய் காங்கிரஸுக்கு வந்தார். அந்த மாநாட்டுக்கு வந்த பிரதிநிதிகளின் எண்ணிக்கையும் 1,889தான். திரும்பிப் போய், சட்டசபைகளில் இந்தியர்களுக்குத் தேர்தல் வழியே இடம் கேட்கும் மசோதாவை 1890ல் கொண்டுவந்தார். அது நிறைவேறவில்லை. 1892ல் அரசாங்கம் கொண்டுவந்த சட்டம் அவர் கேட்டதைவிடக் குறைவானது. அதைப் பார்க்கவும் அவர் இல்லை. 1891 ஜனவரி 30ஆம் தேதி, 57 வயதில் இறந்தார். அதற்கு மூன்று நாள் முன்புதான் 1880 ஜூன் 22 தீர்மானத்தைத் தன் பதிவேட்டிலிருந்து நீக்குவதாகச் சபை முடிவெடுத்தது. அவர் நினைவிழந்து கிடந்தார். செய்தி அவருக்கு எட்டவில்லை. லண்டனில் இருந்த ஒவ்வொரு இந்தியரும் அந்த இறுதிச் சடங்குக்குப் போயிருப்பார்கள் என்று காந்தி எழுதியதற்குக் காரணம் நாத்திகம் அல்ல, இந்த உழைப்புதான்.

இன்னொன்று. பிராட்லா லண்டனில் வாசலில் நின்றுகொண்டிருந்த அதே ஆண்டுகளில் சென்னையிலும் அவர் இங்கிலாந்தில் நடத்திய மதச்சார்பின்மைச் சங்கத்தை முன்மாதிரியாகக் கொண்டு ஒரு சுயசிந்தனையாளர் சங்கம் இயங்கியது. 1882 முதல் 1888 வரை 'தத்துவ விவேசினி' என்ற தமிழ் இதழை நடத்தினார்கள். பெரியாருக்கு நாற்பது ஆண்டுகள் முன்னால் நடந்தது இது. அந்த இதழ்கள் இப்போது தொகுதிகளாக வந்திருக்கின்றன. நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். படித்துவிட்டு எழுதுங்கள், அதைப் பற்றித் தனியாகப் பேசுவோம்.