வன்னியில் திறக்கப்போகும் ரெஸ்ரோரண்டில் வைனும் கொக்டெயிலும் எடுபடுமா?

கேள்வி கேட்டவர் லண்டனில் இருக்கிறார். கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் காணி இருக்கிறதாம். குடும்பமாக வந்து இருந்து சாப்பிடக்கூடிய ரெஸ்ரோரண்ட் ஒன்று தொடங்கி, அங்கே லண்டனில் உள்ளது மாதிரியே வைன் பட்டியலும் கொக்டெயில் பட்டியலும் வைத்தால் சனம் வருமா என்று கேட்டிருக்கிறார். நான் கொழும்பிலும் நீர்கொழும்பிலும் ஹோட்டல் பார்களில் நின்று வேலை செய்தவன். இப்போது பரந்தனில் இருக்கிறேன். அந்தத் துணிவில் எழுதுகிறேன்.

கொக்டெயில் எடுபடும், ஆனால் சாராயத்தை வைத்துச் செய்தால். வைன் நாலு வகைக்கு மேல் வேண்டாம். லண்டன் பட்டியலை லண்டனிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

முதலில் வைன். ரெட் வைனை அறை வெப்பநிலையில் பரிமாறவேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். அவர்கள் சொல்லும் அறை ஐரோப்பாவின் பழைய கல்வீட்டு அறை, 16 முதல் 18 பாகை செல்சியஸ். எங்களுக்குச் சித்திரை வெயிலில் அறைக்குள்ளேயே 33, 34 நிற்கும். அந்தச் சூட்டில் ரெட் வைனை ஊற்றினால் மதுசாரம்தான் மூக்கில் ஏறும், பழத்தின் மணமும் சுவையும் எங்கே போனதென்று தெரியாது. அதனால் வன்னியில் ரெட் வைனும் பிரிஜுக்குள்தான் இருக்கவேண்டும். மேசைக்குக் கொண்டுபோகக் கால் மணித்தியாலம் முன் வெளியே எடுத்தால் சரி. வைட் வைனை 8 முதல் 12 பாகைக்குள் கொடுக்கவேண்டும், பொங்குகிற வைன் அதைவிடக் குளிராக. கிளாஸையும் குளிர்த்தி வையுங்கள். மேசையில் பத்து நிமிடம் இருந்தாலே எல்லாம் சூடேறிவிடும்.

சாமான் வைக்கும் அறையில் தகரக் கூரைக்குக் கீழே பெட்டி பெட்டியாக வைன் அடுக்குகிற வேலை வேண்டவே வேண்டாம். மாதக்கணக்கில் அந்தச் சூட்டில் கிடந்த வைன் அவிந்துபோகும், கோர்க் வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும். திருகு மூடி போட்ட போத்தலாகப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக வாங்குங்கள். கரண்ட் போனாலும் பிரிஜ் ஓடுகிற மாதிரி ஜெனரேட்டருக்குக் கணக்கு வையுங்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. 750 மில்லி போத்தலில் 150 மில்லிப்படி ஊற்றினால் ஐந்து கிளாஸ். இறக்குமதி வரியெல்லாம் சேர்ந்து போத்தல் விலை உங்களுக்குத் தலை சுற்றும். ஒருவர் ஒரு கிளாஸ் கேட்டு நீங்கள் போத்தலைத் திறந்தால், மிச்சம் நாலு கிளாஸையும் மூன்று நாலு நாளுக்குள் விற்கவேண்டும். கிழமை நாளில் கிளிநொச்சியில் அது நடக்காது. இதற்கு நான் சொல்லும் வழியைக் கேட்டால் வைன் பிரியர்கள் முகம் சுளிப்பார்கள்: பெட்டி வைன். உள்ளே பையும் கீழே குழாயும் உள்ளது. ஊற்ற ஊற்றப் பை சுருங்குவதால் காற்று உள்ளே போகாது. பிரிஜில் வைத்தால் நாலு கிழமைக்குக் குறையாமல் நிற்கும். கிளாஸ் கணக்கில் விற்க இதுதான் சரி. போத்தல் முழுதாகக் கேட்பவருக்கு மட்டும் போத்தல்.

எந்த நாலு? உங்கள் சமையலறையில் என்ன கொதிக்கிறது என்பதைப் பொறுத்தது. நந்திக்கடல் இறாலும் நண்டும், இரணைமடுக் குளத்து விரால், நாட்டுக்கோழிக் கறி என்றுதான் நீங்களும் யோசித்திருப்பீர்கள். எங்கள் கறித்தூள் உறைப்போடு கனமான ரெட் வைன் சேரவே சேராது. ரெட் வைனில் உள்ள தனின் என்கிற துவர்ப்புச் சத்து எச்சிலில் உள்ள புரதத்தோடு ஒட்டி வாயை உலர்த்திவிடும், பிஞ்சு வாழைக்காயைக் கடித்த மாதிரி. மதுசாரம் கூடக் கூட மிளகாய் எரிவும் கூடும். 14 சதவீத ரெட் வைனும் நண்டுக்கறியும் ஒன்றாக உள்ளே போனால் விருந்தாளிக்கு நண்டும் தெரியாது, வைனும் தெரியாது, கண்ணீர்தான் மிச்சம். ஆகவே புளிப்புத் தூக்கலான வைட் ஒன்று (சோவின்யோன் பிளாங் போதும்), இலேசாக இனிக்கிற வைட் ஒன்று (ரீஸ்லிங் கிடைத்தால் நல்லது), இளஞ்சிவப்பு நிற ரோஸே ஒன்று, துவர்ப்புக் குறைந்த மெல்லிய ரெட் ஒன்று. இலேசாக இனிக்கிற அந்த வைட்தான் உறைப்புக்கு உண்மையான மருந்து. அதை முதலில் சிபாரிசு செய்யும்படி உங்கள் பெடியளுக்குப் பழக்குங்கள்.

இனிக் கொக்டெயில். இதில்தான் உங்களுக்கு வாய்ப்பு இருக்கிறது.

கொக்டெயில் பட்டியல் நீளமாக இருந்தாலும் அதில் பலவும் ஒரே குடும்பம்தான். ஒரு மதுபானம், ஒரு புளிப்பு, ஒரு இனிப்பு. ரம்மும் தேசிக்காயும் சீனியும் சேர்த்தால் டைக்கிரி. அதே மூன்றோடு புதினாவும் சோடாவும் சேர்ந்தால் மொஜிட்டோ. டெக்கீலாவும் தேசிக்காயும் தோடம்பழ மதுபானமும் சேர்ந்து விளிம்பில் உப்பு வைத்தால் மார்கரிட்டா. இந்த வரிசையில் ரம்மை எடுத்துவிட்டுத் தென்னஞ்சாராயத்தைப் போட்டால் ஒன்றும் கெட்டுப்போகாது, நல்லாகத்தான் வரும். நான் ஊற்றுகிற அளவு: 50 மில்லி சாராயம், 20 மில்லி தேசிக்காய்ச் சாறு, 20 மில்லி பனங்கட்டிப் பாணி. ஐஸ் நிறையப் போட்டுப் பத்துப் பன்னிரண்டு விநாடி பலமாகக் குலுக்கி வடித்து ஊற்றவேண்டும். பனங்கட்டியை அதே நிறைத் தண்ணீரில் கரைத்து வடித்தால் பாணி தயார். சீனிப் பாணியில் இல்லாத ஒரு புகை மணமும் கரிப்பும் இதில் வரும். லண்டனில் இதற்கென்று தனிக் காசு வாங்குவார்கள். தேசிக்காயை அன்றன்று பிழியுங்கள். நேற்றைய சாறு கசக்கும்.

பனஞ்சாராயமும் இருக்கிறது. வடமராட்சித் திக்கம் வடிசாலையின் பெயரை உங்கள் அப்பாவின் காலத்து ஆட்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பனஞ்சாராயத்தின் மணம் முரடானது, எல்லோருக்கும் பிடிக்காது. ஜிஞ்சர் பியரும் தேசிக்காயும் சேர்த்து உயரமான கிளாஸில் கொடுத்தால் அந்த முரடு அடங்கும். தென்னஞ்சாராயத்தைப் பதப்படுத்துவது சவண்டலை மரப் பீப்பாய்களில். சவண்டலை எங்கள் உலர்வலயக் காட்டு மரம், வன்னிக் காட்டிலும் நிற்கிறது. உங்கள் மெனுவில் ஒரு வரி எழுத இடமிருந்தால் இதை எழுதுங்கள். ஸ்கொட்லாந்து ஓக் கதையை விட இது எங்கள் விருந்தாளிக்குக் கிட்ட.

பழங்களில் கை வையுங்கள். விளாம்பழக் கூழும் பனங்கட்டியும் சாராயமும் சேர்ந்தால் அருமை, கட்டாயம் வடிக்கவேண்டும். சீசனில் தெருவோரம் கூறு போட்டு விற்கும் பாலைப்பழம் பார்க்க ஆசையாக இருக்கும், ஆனால் அதன் பால் உதட்டில் ஒட்டுகிற மாதிரிக் கொக்டெயில் குலுக்கும் பாத்திரத்திலும் கிளாஸிலும் ஒட்டும். கழுவுகிற பெடியன் உங்களைத் திட்டுவான். வீரைப்பழம் தொல்லை இல்லை. புளியை மறக்கவேண்டாம்: புளிக்கரைசல், கொஞ்சம் உப்பு, மிளகாய்த்தூள் தடவிய விளிம்பு, சாராயம். இதை ஒரு தடவை குடித்தவர் மார்கரிட்டா கேட்கமாட்டார்.

ஜின்னும் டொனிக்கும் வையுங்கள், கேட்பார்கள். டொனிக்கின் கசப்புக் குயினைனில் இருந்து வருவது. மலேரியாவால் நடுங்கிக் கிடந்த வன்னியில் அந்தக் கசப்பை மருந்தாக மட்டுமே அறிந்த ஒரு தலைமுறை இன்னும் இருக்கிறது. 2016 இல்தான் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. என் பெரியப்பா ஒருமுறை டொனிக்கை வாயில் வைத்துவிட்டு, "டேய், இதைக் காசு குடுத்தே குடிக்கிறியள்?" என்று கேட்டார்.

ஐஸைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை, அதனால் நானே சொல்கிறேன். மீன் வாடிக்குப் போகிற ஐஸ் கட்டியை உடைத்துக் கிளாஸில் போடுகிற இடங்கள் உண்டு. நீங்கள் அப்படிச் செய்யவேண்டாம். எங்கள் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் சுண்ணாம்புச் சத்துக் கூடிய கல்லுத் தண்ணீர். அதில் செய்த ஐஸ் கலங்கி வெள்ளையாக இருக்கும், கரையும்போது குடிவகையின் சுவையை மாற்றும். குலுக்கிய கொக்டெயிலில் ஐந்தில் ஒரு பங்கு அளவாவது கரைந்த ஐஸ்தான். அப்படியென்றால் வடிகட்டிய தண்ணீரில் நீங்களே ஐஸ் செய்யவேண்டும். நல்ல ஐஸ் மெஷினுக்குச் செலவழிக்கும் காசு விலையுயர்ந்த ஜின்னுக்குச் செலவழிக்கும் காசைவிடப் பிரயோசனம்.

கள்ளை மெனுவில் போடச் சொல்லிப் பலர் உங்களுக்கு ஆலோசனை தருவார்கள். நான் வேண்டாம் என்பேன். கள்ளு பானைக்குள் விழும்போதே புளிக்கத் தொடங்கிவிடும். காலையில் இறக்கியது மத்தியானம் ஒரு குணம், பின்னேரம் இன்னொரு குணம், அடுத்தநாள் வினாகிரிக்குப் பாதி வழி. பனங்கள்ளுக்குப் பருவமும் உண்டு. மாரியில் வந்து கேட்பவருக்குத் தென்னங்கள்ளுதான். கள்ளு விற்க அனுமதியும் வேறு. தவறணைகளைப் பனை தென்னை வளச் சங்கங்கள் நடத்துகின்றன, சீவல் தொழிலாளரின் வயிறு அதில்தான் இருக்கிறது. உங்கள் விருந்தாளிக்குப் பனையோலைப் பிளாவில் உடன்கள்ளு குடிக்க ஆசை என்றால் தவறணைக்கு வழி காட்டிவிடுங்கள். குடித்துவிட்டுச் சாப்பிட உங்களிடம் வருவார்.

சட்டப் பக்கம் சுருக்கமாக. மதுவரித் திணைக்களத்தில் ரெஸ்ரோரண்டுக்கான அனுமதிப்பத்திரம் எடுக்கவேண்டும். பாடசாலை, கோயில் எவ்வளவு தூரம் என்று அளப்பார்கள். 2024 இல் மதுபானசாலை அனுமதிகள் பற்றிய சண்டை பாராளுமன்றம் வரைக்கும் போனது, அதில் கிளிநொச்சியின் பெயரும் அடிபட்டது. ஆகவே ஊர் உங்களைச் சந்தேகத்தோடுதான் பார்க்கும். 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கக்கூடாது, மது விளம்பரமும் கூடாது. முகநூலில் கொக்டெயில் படம் போட்டு ஆள் சேர்க்கலாம் என்ற நினைப்பை விட்டுவிடுங்கள், நண்டுக்கறிப் படத்தைப் போடுங்கள். போயா தினத்தில் பார் பூட்டு.

பெண்கள் விடயம் தனியாகச் சொல்லவேண்டும், குடும்பமாக வரும் இடம் என்றபடியால். பெண்களுக்கு மது விற்பதைத் தடுக்கிற 1979 ஆம் ஆண்டு ஒழுங்குவிதியை 2018 சனவரியில் அப்போதைய நிதியமைச்சர் மங்கள சமரவீர நீக்கினார். சில நாளிலேயே அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்த நீக்கத்தைத் திருப்பி எடுக்க வைத்தார். கொழும்பு ஹோட்டல்களில் பெண்கள் வைன் குடிப்பது புதினமில்லை. ஆனால் உங்களுக்குக் கிடைக்கிற அனுமதிப்பத்திரம் எதை விடுகிறது, எதைத் தடுக்கிறது என்று திறப்பு விழாவுக்கு முன்பே சட்டத்தரணி ஒருவரை வைத்து வாசியுங்கள்.

சட்டம் விட்டாலும் ஊர்க்கண் விடாது. லண்டனில் இருந்து வந்த மருமகள் வைன் கேட்டால் பக்கத்து மேசை திரும்பிப் பார்க்கும். மாமியார் அடுத்த முறை வரமாட்டா. இதற்கு நான் கண்ட வழி, மது இல்லாத குடிவகைகளையும் அதே கிளாஸில், அதே அலங்காரத்தோடு கொடுப்பது. விளாம்பழம், புளி, நெல்லிக்காய், தேசிக்காயும் புதினாவும். விலையையும் பெரிதாகக் குறைக்கவேண்டாம். எந்தக் கிளாஸில் என்ன இருக்கிறது என்று பக்கத்து மேசைக்குத் தெரியாமல் இருப்பதே பாதி நிம்மதி. பார் மேசையையும் சாப்பாட்டு மண்டபத்தின் நடுவில் வைக்கவேண்டாம், ஒரு பக்கமாக வையுங்கள்.

கால் போத்தல் வாங்கி நின்றபடியே அடித்துவிட்டுப் போகிற ஆட்கள் உங்கள் வாடிக்கையாளர் இல்லை. அவர்களை இழுக்க விலையைக் குறைத்தீர்கள் என்றால் குடும்பங்கள் போய்விடும். கள்ளமாகக் காய்ச்சும் கசிப்பால் நாசமான வீடுகள் எங்கள் ஊர்களில் நிறைய. மாதர் சங்கத்துப் பெண்கள் உங்கள் வாசலில் வந்து நின்றாலும் நான் அவர்களில் பிழை சொல்லமாட்டேன். போய்க் கதையுங்கள், எத்தனை மணிக்குப் பூட்டுவீர்கள் என்று சொல்லுங்கள், சொன்ன நேரத்துக்குப் பூட்டுங்கள்.

வருமானம் எப்போது வரும் என்றும் கேட்டிருந்தீர்கள். ஆடி, ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிற வெளிநாட்டுச் சனம், மார்கழி விடுமுறை, கலியாண நாட்கள். மற்ற மாதங்களில் உங்கள் கடையை ஓட்டப்போவது சோறும் கறியும்தான். ஆகவே ஆறு கொக்டெயில், நாலு வைன், ஒரு பக்கத்தில் அடங்குகிற பட்டியல். எல்லாவற்றுக்கும் பெயரைத் தமிழில் போட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று கீழே ஒரு வரி எழுதுங்கள். எங்கள் ஆட்கள் தெரியாத பெயரைச் சொல்லிக் கேட்க வெட்கப்பட்டே பியர் எடுத்துவிடுவார்கள். பார்மனாக வெளியூரில் இருந்து ஆளைக் கொண்டுவராமல், ஹோட்டல் துறையில் படித்த உள்ளூர்ப் பிள்ளை ஒருவரை எடுத்து நாலைந்து மாதம் கொழும்பில் நின்று பழக விடுங்கள். காணி எந்தப் பக்கம், கரடிப்போக்குச் சந்திக்குக் கிட்டவா என்று சொன்னீர்கள் என்றால் பக்கத்தில் பாடசாலை, கோயில் இருக்கிறதா என்று நானே போய்ப் பார்த்துச் சொல்லுவேன்.