பதில்: அப்பாவின் ஆல்பம், பழைய தெருப் படங்கள்

வணக்கம். அப்பாவின் ஆல்பத்தில் பழைய தெருப் படங்கள் பக்கத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டன, எந்த இடம், எந்த ஆண்டு என்று எதுவும் எழுதவில்லை என்று சொல்லியிருந்தீர்கள். முதலில், தயவுசெய்து எதையும் பிய்க்காதீர்கள். நான் அவசரப்பட்டு இழுத்ததில் ஒரு படத்தின் மூலை கிழிந்தது, அந்த மூலையில்தான் பாட்டி நின்றிருந்தார். பக்கத்தோடு சேர்த்தே 600 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி என்ற நுணுக்கத்தில்) ஸ்கேன் செய்துவிடுங்கள், அப்புறம் பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் டென்டல் ஃப்ளாஸ் நூலைப் படத்துக்கு அடியில் விட்டு மெல்ல அறுப்பதுபோல் இழுத்தால் பெரும்பாலும் வந்துவிடும், வராததை அப்படியே விட்டுவிடலாம்.

ஆண்டுக்கு, வெள்ளை ஓரத்தைப் பாருங்கள். சில பழைய அச்சுகளில் மாதமும் ஆண்டும் இருக்கும், ஆனால் அது பிரிண்ட் போட்ட தேதி, எடுத்த தேதி அதற்கு முந்தையதாக இருக்கலாம். இடத்தைக் கண்டுபிடிக்க, முகங்களை விட்டுவிட்டுப் பின்னணியைப் பெரிதாக்கிப் பாருங்கள்: கடைப்பலகை, வண்டி நம்பர், பாதி கட்டிய சுவர். பக்கத்து வீட்டு மாடி இல்லாத படமும் மாடி எழும்பிய படமும் கிடைத்தால் எது முந்தையது என்று தெரிந்துவிடும்.

எல்லாவற்றையும்விட அவசரமானது, அந்தத் தெருவில் வாழ்ந்த பெரியவர்களிடம் படங்களைக் காட்டுவது. “இது யார்?” என்று கேட்காமல் “இந்தச் சந்து எங்கே போகும்?” என்று கேளுங்கள், அவர்கள் பேசத் தொடங்கிவிடுவார்கள். போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். கிடைத்த பெயர்களைப் படத்தின் பின்னால் மென்மையான பென்சிலால் எழுதுங்கள், பேனா வேண்டாம், மை மறுபக்கம் ஊறும்.