வார்டில் கை நடுங்குதா? நர்சிங் மாணவர்களுக்கான கேள்வி பதில்

பாம்பன், பி.எஸ்சி. நர்சிங் முதலாண்டு: புண்ணுக்குக் கட்டு மாற்றும்போது கண் இருட்டி விழுந்துட்டேன் அக்கா. இந்தப் படிப்பு எனக்கு ஒத்துவராதோ?

படிப்புக்கும் மயக்கத்துக்கும் சம்பந்தமில்லைம்மா. ரத்தத்தைக் கண்டதும் சிலருக்கு நாடியும் ரத்த அழுத்தமும் சட்டென்று இறங்கிவிடும். வேர்க்கும், காது அடைக்கும். அப்போதே கை, தொடை, வயிற்றுத் தசைகளை 10-15 விநாடி, முகம் சூடேறும்வரை இறுக்குங்கள். 20-30 விநாடி தளர்த்தி மறுபடி இறுக்குங்கள்; ஐந்து தடவை. மூச்சைப் பிடிக்க வேண்டாம். வீட்டில் தினமும் பழகினால்தான் வார்டில் கைகொடுக்கும். அதற்கும் அடங்காவிட்டால் ட்ரேயை விட்டு விலகித் தரையில் உட்காருங்கள். தலை அடிபடுவதுதான் ஆபத்து. வெறும் வயிற்றோடு முதல் பஸ்ஸில் பாலம் தாண்டி வருகிறவர்களுக்குச் சீக்கிரம் மயக்கம் வரும். இரண்டு இட்லியாவது சாப்பிட்டு, தண்ணீரும் குடித்துவிட்டு வாருங்கள்.

தொண்டி, ஜி.என்.எம். இரண்டாமாண்டு: மருந்துக் கணக்கு தப்பிடுமோன்னு தூக்கமே வரல சிஸ்டர்.

எல்லா மருந்துக்கும் பயப்படாதீர்கள் தம்பி, இன்சுலினுக்குப் பயப்படுங்கள். மில்லிக்கு 40 யூனிட், 100 யூனிட் என இருவகைக் குப்பிகளும் இங்கே புழங்குகின்றன. 40க்கு சிவப்பு மூடி சிரிஞ்சு, 100க்கு ஆரஞ்சு. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடுவரை, அதாவது அரை மில்லி இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட்! மற்றவற்றுக்கு: வேண்டிய அளவை இருக்கும் அளவால் வகுத்து, மில்லியால் பெருக்குங்கள். 10 மில்லியில் 1000 மி.கி. இருந்து 750 வேண்டுமென்றால் 7.5 மில்லி. உங்கள் விடையைக் காட்டாமல் இன்னொருவரைத் தனியே போடச் சொல்லுங்கள். "சரிதானே?" என்று நீட்டினால் யாரும் தலையாட்டிவிடுவார்கள்.

தங்கச்சிமடம்: பக்கத்து வீட்டு மாமா என் வார்டிலேயே இறந்துட்டார். அழுகை நிக்கல. ஊர்ல எல்லாரும் என்னாச்சுன்னு கேக்குறாங்க.

அழுகை வரட்டும். ஊருக்கு ஒரே பதில்: "அவங்க வீட்டாளுக டாக்டர்கிட்ட கேட்டுக்குவாங்க." அதற்கு மேல் ஒரு சொல் வேண்டாம், அம்மாவிடமும்தான். இனி தெரிந்தவர் அட்மிட் ஆனால் டியூட்டி தொடங்கும் முன்பே பொறுப்பு சிஸ்டரிடம் சொல்லி, நீங்கள் பார்த்துக்கொள்ள வேறு நோயாளியின் படுக்கையைக் கேளுங்கள். தூக்கமும் சாப்பாடும் இரண்டு வாரம் தாண்டியும் சீராகாவிட்டால் அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416ஐக் கூப்பிடுங்கள். இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். செத்துவிடலாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் அன்றைக்கே கூப்பிடுங்கள்.

கீழக்கரை: நோயாளிக்குப் போட்ட ஊசி என் கையில குத்திருச்சு. சொன்னா திட்டுவாங்க.

திட்டட்டும். பிதுக்காமல், ஸ்பிரிட் ஊற்றாமல், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உடனே சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்கினால் நல்லது. 72 மணி நேரம் தாண்டினால் தரமாட்டார்கள். தொடங்கினால் 28 நாள். ஹெபடைடிஸ் பி ஊசி மூன்றும் போட்டாயிற்றா என்று அப்போதே பார்த்துவிடுங்கள்.